மேல யாரு வூட்டுக்கு சாமி?

ஆர்.கே.நாராயண் இனிஷியல்ல முதல்ல வர்ற 'ஆர்' எந்த ஊர்னு கேட்டா, வகுப்புல பாதிப் பேர் முழிப்பாங்க. ராசிபுரம், பாஸ்! அவர் எழுதின மால்குடியை மேப்ல எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. ராசிபுரம் கிடைக்கும். சேலத்திலிருந்து பஸ் பிடிச்சா ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துடலாம். 2013-ல் சேலம் - கரூர் ரயில் பாதை திறந்த பிறகு ரயில்லயும் வந்து இறங்கலாம்.

நெய்க்கும் பட்டுப் புடவைக்கும் பேர் போன ஊர். அதுக்கெல்லாம் வீட்டுப் பெரியவங்க வருவாங்க. நமக்கு என்ன இருக்குன்னு கேக்கறீங்களா? பஸ் ஸ்டாண்டுல இறங்கி வடகிழக்குப் பக்கம் திரும்பிப் பாருங்க. நீளமா ஒரு மலை படுத்திருக்கும். அதுதான் போதமலை.

ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் நடுவுல மாட்டிக்கிட்டதால பாவம், யாரும் கண்டுக்காத மலை. போட் ஹவுஸ் கிடையாது, வியூ பாயின்ட்னு போர்டு கிடையாது, செல்ஃபி ஸ்பாட் கிடையாது. ஒரே ஒரு நாள், ரெண்டு காலு... அது போதும். வாங்க, ஏறலாம்!

ஏழு கிலோமீட்டர், நோ ஷார்ட்கட்!

ராசிபுரத்துல காலையில ஆறு மணிக்கே இட்லி பார்சல் கட்டிக்கிட்டு வடுகம் போயிடுங்க. அங்கதான் அடிவாரம். மேலே மூணு ஊர் இருக்கு: கீழூர், மேலூர், கெடமலை. முதல் ரெண்டுக்கும் வடுகம் வழி. கெடமலைக்கு புதுப்பட்டி வழி. வடுகத்திலிருந்து கீழூருக்கு நடைபாதையில ஏழு கிலோமீட்டர் சொல்றாங்க. 'அட, ஏழுதானா? காலேஜ் கிரவுண்டை சுத்துற மாதிரிதானே'ன்னு நினைச்சா, முதல் வளைவுலயே மூச்சு பதில் சொல்லும்!

கீழே முள்ளுப் புதரும் சூடான கல்லும். ஏற ஏற மரம் உயரமாகும், நிழல் கெட்டியாகும், காத்து குளிரும். அந்தக் குளிருக்குக் கணக்கே இருக்கு. நூறு மீட்டர் ஏறினா சுமார் அரை டிகிரிக்கு மேல வெப்பம் குறையும். சமவெளியை விட்டு ஆயிரம் மீட்டர் உயரத்தை நெருங்கும்போது, ராசிபுரத்துல ஓடுற ஃபேன் இங்க எதுக்குன்னு தோணும்.

காலுக்குக் கீழே இருக்கிற பாறையையும் கொஞ்சம் கவனிங்க. சேலம், நாமக்கல் பக்கத்து மலைகள்ல பெரும்பாலும் சார்னோகைட் வகைப் பாறைதான். சென்னை பரங்கிமலையில இருக்கிற அதே ஜாதி. இதுக்கு சுமார் 250 கோடி வயசுன்னு புவியியல் படிச்சவங்க சொல்றாங்க. டைனோசர் வந்ததே இருபத்து சொச்சம் கோடி வருஷம் முன்னாடிதான். அதாவது, இந்தப் பாறைக்கு டைனோசரே ஜூனியர் பேட்ச்!

மாட்டினோம்டா மச்சான்!

நாங்க நாலு பேர் பாதி தூரம் ஏறி, ஒரு பாறை மேல நாக்கு தள்ளி உட்கார்ந்திருந்தோம். முதுகுல பை, கால்ல புது ஷூ, கையில பிஸ்கட் பாக்கெட். மேலேயிருந்து ஒரு ஆயா இறங்கி வந்தாங்க. கால்ல தேய்ஞ்ச ரப்பர் செருப்பு, தலையில ஒரு மூட்டை. எங்களைப் பார்த்து நின்னாங்க.

"மேல யாரு வூட்டுக்கு சாமி?"

நாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். யார் வீட்டுக்கும் இல்லையே! "சும்மாங்க ஆயா... மலை ஏறலாம்னு..." என்று இழுத்தான் ஒருத்தன்.

"சும்மாவா?" ஆயாவுக்குச் சிரிப்பு தாங்கலை. "சும்மா யாராச்சும் இதுல ஏறுவாங்களா!" மூட்டையை சரி பண்ணிக்கிட்டு விறுவிறுன்னு இறங்கிப் போயிட்டாங்க. நாங்க மூச்சு வாங்கி முடிக்கிறதுக்குள்ள வளைவுல ஆளையே காணோம்.

அந்த சிரிப்பு எங்களைக் கிண்டல் பண்ணினதில்லைன்னு அப்புறம்தான் புரிஞ்சது. அந்தப் பாதையில ஏறினா ஒரு காரணம் இருந்தே ஆகணும். கல்யாணம், காரியம், அரிசி, மருந்து... சும்மா ஏறுறதுங்கிறதே அவங்க கணக்குல கிடையாது.

ஓட்டுப் பெட்டியும் ட்ரெக்கிங் போச்சு!

நாமக்கல் மாவட்டம் சேலத்திலிருந்து 1997-ல் பிரிஞ்சது. புது மாவட்டம் வந்து பல தேர்தல் ஆன பிறகும் போதமலைக்கு ரோடு வரலை. 2019 நாடாளுமன்றத் தேர்தல், 2021 சட்டமன்றத் தேர்தல் ரெண்டுலயும் ஓட்டு மெஷின் இந்த மலைக்கு ஆளுங்க தலையில ஏறித்தான் போச்சு. மெஷின், கன்ட்ரோல் யூனிட், சீட்டு காட்டுற பெட்டி எல்லாத்தையும் சுமந்துக்கிட்டு ஆளுங்க முன்னாடி போக, அதிகாரிகளும் போலீஸும் பின்னாடியே நடந்தாங்க. பேப்பர்ல அந்த போட்டோ வரும்போதெல்லாம் நாம 'வாவ்'னு சொல்லிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்போம்.

தேர்தல் அஞ்சு வருஷத்துக்கு ஒண்ணோ ரெண்டோதான். காய்ச்சல் அப்படிச் சொல்லிட்டு வருமா? பிரசவ வலி? நடக்க முடியாதவங்களைத் தூளி கட்டித் தோள்ல தூக்கிக்கிட்டு இதே பாதையில இறங்கியிருக்காங்க. இருட்டு, மழை, வழுக்குப் பாறை எதுவும் லீவு விடாது. நாம மூணு மணி நேரம் மூச்சு வாங்கினதை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. அதே பாதை. தோள்ல ஒரு உயிரோட.

காப்புக்காடு வழியா ரோடு போடணும்கிறதால அனுமதி வாங்குறதே பெரிய முடிச்சா இருந்தது. கடைசியில 2020-களில் முடிச்சு அவிழ்ந்து, சுமார் 31 கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய 140 கோடி ரூபாய் திட்டத்துல வேலை தொடங்கியது.

'ஐயய்யோ, ரோடு வந்தா மலையோட அழகு போயிடுமே'ன்னு நம்ம கூட்டத்துல ஒருத்தன் ஆரம்பிச்சான். அவனைத் திட்ட வாயைத் திறந்த நான், மூடிக்கிட்டேன். ஏன்னா, அஞ்சு நிமிஷம் முன்னாடி அதையேதான் நானும் நினைச்சேன்! காட்டைப் பத்தின கவலை தப்பில்லை. ரோடு வந்த மலைகள்ல பிளாஸ்டிக்கும் பீர் பாட்டிலும் கூடவே ஏறினதையும் பார்த்திருக்கோம். ஆனா அந்த பாட்டிலைக் கொண்டு போனது மலையில இருக்கிறவங்க இல்லையே... நாமதானே?

மேலே என்ன தெரியும்?

மலை விளிம்புல நல்ல பாறையாப் பார்த்து உட்காருங்க. நுனிக்குப் போக வேண்டாம், ஹீரோயிஸம் வேண்டவே வேண்டாம். தெற்கே நாமகிரிப்பேட்டைப் பக்கம் மஞ்சள் வயல்கள், அதுக்குப் பின்னாடி சுவர் வெச்ச மாதிரி கொல்லிமலை. மேற்கே ராசிபுரம் தாண்டி அலவாய்மலை. வடமேற்கே ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலை. நடுவுல குச்சிக்கிழங்குக் காடுகள். அந்தக் கிழங்கை அரைச்சு எடுக்கிற ஜவ்வரிசி காயுற களம் அங்கங்க வெள்ளை வேட்டி விரிச்ச மாதிரி மின்னும்.

கிராமத்துக்குள்ள போனா, கேட்காம வீட்டையும் ஆளுங்களையும் போட்டோ எடுக்காதீங்க. தண்ணி கேட்டா கொடுப்பாங்க. அதை அவங்க எங்கிருந்து தூக்கிட்டு வந்தாங்கன்னு யோசிச்சுக் குடிங்க.

சாயங்காலம் இறங்கி ராசிபுரத்துல தட்டுவடை செட் சாப்பிடும்போது கால் ரெண்டும் கெஞ்சும். 'யாரு வூட்டுக்கு?'ன்னு ஆயா கேட்டது மட்டும் காதுல ஓடிக்கிட்டே இருக்கும். அடுத்த தடவை போகும்போது பதில் சொல்ல ஒரு வீடாவது இருக்கணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டோம். நீங்களும் ட்ரை பண்ணுங்க!

கிளம்பறதுக்கு முன்னாடி...

* காட்டுக்குள்ள நடக்க வனத்துறை அனுமதி அவசியம். 2018 மார்ச் 11-ல் தேனி குரங்கணி காட்டுத்தீயில சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. அதுக்கப்புறம் அதே வருஷம் தமிழ்நாட்டுல மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்துச்சு. 'பார்த்துக்கலாம் மச்சி' இங்க செல்லாது.
* டிசம்பர், ஜனவரி பெஸ்ட். மார்ச் முதல் மே வரை வெயில், தீ ரெண்டும் ஆபத்து. ஐப்பசி மழையில பாறை வழுக்கும்.
* எதுவரைக்கும் வண்டி போகுது, நடைபாதை எந்தப் பக்கம்னு வடுகத்துலயே கேட்டுக்கோங்க. உள்ளூர்க்காரர் ஒருத்தரைக் கூட்டிப் போங்க, அவரோட நாள் கூலியைக் குறைக்காம கொடுங்க.
* ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி. பகல் ரெண்டு மணிக்கு மேல ஏறாதீங்க, இறங்க ஆரம்பிங்க.
* கொண்டு போற பாக்கெட் எல்லாம் உங்ககூடவே திரும்பி வரணும்.