ஒரு குண்டுக்கான கணக்கு

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மிசூலா நகருக்குத் தெற்கே பிட்டர்ரூட் பள்ளத்தாக்கு நீண்டு கிடக்கிறது. மேற்கில் பிட்டர்ரூட் மலைத்தொடர், கிழக்கில் சஃபயர் மலைகள். அக்டோபர் கடைசியில் தொடங்கி ஐந்து வாரம் இங்கே ரைஃபிள் வேட்டைக் காலம். எல்க் என்னும் பெரிய மானைத் தேடி ஊரில் பாதிப்பேர் மலையேறுவார்கள். வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் இருக்கும். ஒரு மான் கிடைத்தால் ஒரு குடும்பத்துக்குக் குளிர்காலம் முழுவதற்கும் இறைச்சி. உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டிலேயே விட்டுவருவது இங்கே குற்றம். அந்த ஐந்து வாரத்துக்கான தோட்டாக்களைக் கையாலேயே கட்டுகிறவர்கள் கோடையிலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். அப்படி ஒரு வீட்டின் கொட்டகையில்தான் நான் ஆகஸ்ட் மாதத்தில் போய் உட்கார்ந்தேன்.

இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த 1972-க்குப் பிறகு வளர்ந்தவன் நான். வேட்டை என்ற சொல்லோடு குற்றம் என்ற எண்ணமும் சேர்ந்தே எனக்குள் வரும். அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள நான் அங்கே போகவில்லை. மேக்னம் ரைஃபிள் போன்ற கடும் வேகக் கருவிக்கு ஒருவர் தன் வீட்டு மேசையில், ஒரு முடி அகலத்துக்குத் துல்லியமாகத் தோட்டா செய்கிறார் என்றால், அந்தக் கைத்திறன் எதற்காக, எதுவரை என்று பார்க்க வேண்டும் என்பதே ஆசை.

அந்த வீட்டுப் பெரியவர் கடைசல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மலையேற முழங்கால் இனி ஒத்துழைக்காது என்பதால் இப்போது வேட்டைக்குப் போவது மகள். தோட்டா கட்டும் வேலை இருவருக்கும் பொது. ரைஃபிள், .300 வின்செஸ்டர் மேக்னம். 1963-இல் வந்த தோட்டா வகை.

தடித்த மர மேசை. அதில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்பு பிரஸ். பக்கத்தில், காற்று படாமல் கண்ணாடி மறைப்புக்குள் ஒரு தராசு. வெடிமருந்து டப்பா மேசைமேல் எப்போதும் ஒன்றுதான் இருக்கலாம். இது அந்த வீட்டில் மீறக்கூடாத விதி. வேகமாக எரியும் மருந்தும் மெதுவாக எரியும் மருந்தும் பார்வைக்கு ஒரே கருஞ்சாம்பல் நிறத் துணுக்குகள். டப்பா மாறினால் துப்பாக்கி முகத்துக்கு நேரே சிதறும். வேலை நடக்கும்போது கொட்டகையில் வானொலி கிடையாது, பேச்சு கிடையாது. என் கேள்விகளைக் குறிப்பேட்டில் எழுதிவைத்துத் தராசை மூடிய பிறகே கேட்டேன்.

ஒரு தோட்டாவுக்கு நான்கு உறுப்புகள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டபின் மிஞ்சுவது கூடு மட்டுமே. அதனால் வேலை கூட்டிலிருந்துதான் தொடங்குகிறது. மேக்னம் கூட்டின் அடியில் ஒரு தடித்த பட்டை இருக்கும். லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 1912-இல் .375 தோட்டாவையும் 1925-இல் .300 தோட்டாவையும் இந்தப் பட்டையோடு வெளியிட்டது. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் வேட்டையாடிய வெள்ளைக்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். வெப்ப நாடுகளிலும் சுட்ட கூடு சிக்காமல் வெளிவர, அது நீண்டு சரிந்த வடிவில் செய்யப்பட்டது. உள்ளே இருந்தது நூலிழை போன்ற கார்டைட் மருந்து; நீலகிரியில் அருவங்காட்டுத் தொழிற்சாலை இன்றும் அதன் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. கூடு கழுத்தாகக் குறுகும் இடமான தோள் அவ்வளவு சரிவாக இருந்ததால், துப்பாக்கியின் அறைக்குள் கூடு எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதைத் தோளால் உறுதிசெய்ய முடியவில்லை. அந்தப் பொறுப்பைப் பட்டை ஏற்றது.

வின்செஸ்டரின் .300 கூட்டுக்குத் தோள் நன்றாகவே நிமிர்ந்திருக்கிறது. பட்டை தேவையில்லை, ஆனாலும் தங்கிவிட்டது. கையால் கட்டுகிறவர்களின் முதல் தலைவலி இந்தப் பட்டைதான். பட்டையை நம்பி அறை குடையப்படுவதால் தோளுக்கு முன்னால் சற்றே வெற்றிடம் விடப்படுகிறது. சுடும்போது கூடு முன்னோக்கி நீண்டு அந்த இடத்தை நிரப்புகிறது. அடுத்த முறை பிரஸ்ஸில் உள்ள அச்சில் போட்டுத் தோளைப் பழைய இடத்துக்கே தள்ளினால், சுடும்போது மறுபடி நீளும். நீளும் பித்தளை எங்கிருந்து வரும்? பட்டைக்குச் சற்று மேலேயுள்ள சுவரிலிருந்து. சில முறை இப்படிப் போனால் அங்கே சுவர் மெலிந்து, கூடு இரண்டாக அறும். இந்தத் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 64,000 பவுண்டு. நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல 4,300 மடங்குக்கு மேல்.

மகள் என் கையில் ஒரு பழைய கூட்டையும், நுனி வளைத்த மெல்லிய கம்பியையும் கொடுத்தார். "கம்பியை உள்ளே விட்டு அடியிலிருந்து மேலே இழுத்துப் பாருங்கள்" என்றார். பட்டைக்கு மேல் வந்ததும் நுனி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. வெளியே கூடு பளபளவென்றிருந்தது. உள்ளே பாதி செத்திருந்தது. அதனால் இவர்கள் பட்டையைக் கணக்கில் எடுப்பதே இல்லை. சுட்ட கூட்டின் தோளை அளவுமானியில் அளந்து, அச்சை அதற்கேற்பத் திருகி, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு மட்டும் தோளைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். துப்பாக்கியின் போல்ட் தடையின்றி மூட அது போதும். கூட்டின் ஆயுளும் கூடுகிறது, ஒவ்வொரு தோட்டாவும் அறையில் ஒரே இடத்தில் நிற்கிறது. துல்லியத்தின் அடித்தளம் இதுதான் என்றார் பெரியவர்.

கூட்டின் கழுத்து ஒவ்வொரு முறையும் விரிந்து சுருங்கிக் கெட்டிப்பட்டுவிடும். கெட்டிப்பட்ட கழுத்து ஒரு குண்டை இறுக்கமாகவும் இன்னொன்றைத் தளர்வாகவும் பிடிக்கும். ஆகவே கழுத்தைச் சில நொடி சூடேற்றி இளக்குகிறார்கள். பித்தளையின் இந்தப் போக்கை உலகம் கற்றுக்கொண்டதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படை மழைக்காலங்களில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்தது. கூடுகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியாவும், வடிக்கும்போது பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1921-இல்தான் தெளிவானது. சூடேற்றி அந்த இறுக்கத்தைத் தணிப்பதே தீர்வு.

அடுத்தது மருந்து. இதன் அலகு கிரெயின்: ஒரு கிராமில் பதினைந்தில் ஒரு பங்கு, நம் பொற்கொல்லர்கள் வைத்து நிறுத்த குன்றிமணியில் ஏறத்தாழப் பாதி. அதிலும் பத்தில் ஒரு பங்குவரை நிறுக்கிறார்கள். இந்த ரைஃபிளுக்கு எத்தனை கிரெயின் என்று எழுத மாட்டேன். அது அந்த ஒரு குழலுக்கு மட்டுமே பொருந்தும். மருந்துத் தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள மிகக் குறைந்த அளவில் தொடங்கி, சிறுகச் சிறுக ஏறி, பிரைமர் தட்டையாவது, போல்ட் இறுகுவது போன்ற அறிகுறி தென்பட்டால் நின்று இறங்குவதே முறை. அளவு மாறும்போது குண்டு மாறாது, பிரைமர் மாறாது, குண்டு அமரும் ஆழம் மாறாது. ஒரு நேரத்தில் ஒன்றுதான் மாறலாம். இல்லாவிட்டால் எது எதைச் செய்தது என்று யாருக்கும் தெரியாது.

மேக்னத்துக்கு மெதுவாக எரியும் மருந்து வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கான்சாஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் ராணுவத்தில் மிஞ்சிய மருந்துகளை வாங்கிப் பொதுமக்களுக்கு மலிவாக விற்றார். 20 மில்லிமீட்டர் பீரங்கிக்கான மெதுவான மருந்து ஒன்றும் அதில் இருந்தது. வீட்டு மேசைகளில் மேக்னம் தோட்டா கட்டும் வழக்கம் பரவ அது பெரிய காரணம். அந்த நாள் மருந்துகளில் ஒரு குறை, வெயிலில் வேகம் ஏறும், குளிரில் இறங்கும். ஆகஸ்டில் 35 டிகிரியில் கண்ட முடிவு நவம்பரில் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியில் பொய்த்துவிடும். இவர்கள் இப்போது வாங்குவது ஆஸ்திரேலியாவின் முல்வாலா ஊரில் தயாராகும், வெப்பநிலைக்கு அதிகம் அசையாத வகை. அப்படியிருந்தும் முதல் பனி விழுந்த பிறகு மறுபடி சுட்டுப் பார்க்காமல் மலையேறுவதில்லை.

மறுநாள் விடியலில் துப்பாக்கிப் பயிற்சித் திடலுக்குப் போனோம். வேகம் அளக்கும் கருவியைக் குழலுக்கு அருகில் வைத்தார்கள். காதை மூடியிருந்தும் மேக்னத்தின் அதிர்ச்சி நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்குகிறது. மகள் ஒரு குண்டு சுடுவார். குழல் ஆறும்வரை காத்திருப்பார். சூடான குழல் வேறு இடத்தில் சுடும்; மேலும் இத்தனை மருந்து எரியும் குழலின் தொண்டை விரைவில் அரித்துப்போகும். சோதிக்கச் சோதிக்கக் கருவியே தேய்கிறது. ஆகவே ஒவ்வொரு குண்டும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

100 கஜத்தில் மூன்று துளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன. நான் மகிழ்ந்தேன். பெரியவர் தாளில் தேதியும் வெப்பமும் எழுதி மடித்து வைத்தார். "மூன்று குண்டை நம்பக்கூடாது" என்றார். மூன்று துளைகள் சராசரியாக ஓர் அங்குலத்துக்குள் விழும் ரைஃபிளில் பத்துத் துளைகள் ஒன்றரை அங்குலத்துக்கும் மேல் பரவும். இது துப்பாக்கியின் குறை கிடையாது, எண்ணிக்கையின் இயல்பு. சிறிய வட்டத்தைப் பார்த்ததும் 'கண்டுபிடித்துவிட்டேன்' என்று நிறுத்துகிறவர் தற்செயலைத் திறமை என்று எண்ணி ஏமாறுகிறார். இவர்கள் தேர்ந்தெடுத்த தோட்டாவை வெவ்வேறு நாட்களில், குளிர்ந்த குழலில், நாளுக்கு ஒரே ஒரு குண்டாக ஒரே தாளில் சுடுகிறார்கள். காட்டில் எல்க் முன் கிடைப்பதும் குளிர்ந்த குழலின் முதல் குண்டுதானே! அந்தத் தாளில் துளைகள் தொட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அந்தத் தாள்தான் உண்மை.

குண்டைத் தேர்வதில் இந்த வேலையின் அறம் தெளிவாகத் தெரிந்தது. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதசாலையின் பெயரால் அறியப்பட்ட, உடலுக்குள் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதை 1899-இல் ஹேக் மாநாடு தடுத்தது. வேட்டையில் விரியும் குண்டுதான் வேண்டும்; விரியாத குண்டு ஊடுருவிப் போய்விடும், விலங்கு காயத்தோடு ஓடி நாள்கணக்கில் சாகும். ஆனால் மேக்னத்தின் வேகத்தில் சாதாரணக் குண்டு தோலிலேயே உடைந்தும் போகலாம். 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் என்ற வேட்டைக்காரருக்கு மூஸ் மான் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. குண்டுக்குள் குறுக்குச் சுவர் ஒன்று வைத்து, முன்பாதி விரியவும் பின்பாதி உடையாமல் ஊடுருவவும் அவர் வழிசெய்தார். பெரியவர் வாழ்நாளெல்லாம் நம்பியது அந்த ஈயக் குண்டை.

மகள் செம்புக் குண்டுக்கு மாறிவிட்டார். ஈயம் சிதறிய குடலைக் காட்டில் விட்டுவந்தால் அதைத் தின்னும் பொன்னிறக் கழுகுகளுக்கு ஈய நஞ்சு ஏறுகிறது. கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயக் குண்டைத் தடைசெய்தது. மொன்டானாவில் அப்படித் தடை இல்லை. தடை இல்லாத இடத்தில் அவர் தானாக மாறினார். செம்பு ஈயத்தைவிட இலேசு. அதே எடைக்குக் குண்டு நீளமாகும், கூட்டுக்குள் அதிக இடம் பிடிக்கும், குழலின் வரிப்பள்ளத்தைத் தொடும்முன் அதிக இடைவெளி கேட்கும். அப்பா வருடக்கணக்கில் சேர்த்த குறிப்பேடு அதற்குப் பயன்படவில்லை. மறுபடி அடியிலிருந்து தொடங்கினார்கள். வருத்தமா என்று பெரியவரிடம் கேட்டேன். "கழுகு என்ன பாவம் செய்தது?" என்றார்.

கடைசியாகக் காற்றைப் பற்றிப் பேசினோம். 180 கிரெயின் குண்டு நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. நன்றாகக் கட்டிய தோட்டாக்களுக்கும் சுமாராகக் கட்டியவற்றுக்கும் உள்ள வேக வேறுபாடு 400 கஜத்தில் ஓர் அங்குலம் அளவுக்கு மேல்கீழாகக் காட்டும். அதே தொலைவில், மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக்காற்று குண்டை ஏறத்தாழ ஓரடி தள்ளிவிடும். எல்க்கின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியே சுமார் ஓரடிதான். மாதக்கணக்கில் மேசையில் உழைத்துச் சம்பாதித்த அங்குலத்தை, பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் புல் அசைவதைத் தவறாகப் படித்த ஒரு நொடி விழுங்கிவிடும். இதைத் தெரிந்துகொண்டதால் மகள் தனக்கென ஓர் எல்லை வைத்திருக்கிறார்: 300 கஜம். ரைஃபிளும் தோட்டாவும் அதற்கு இரட்டிப்புத் தொலைவில் காகிதத்தைத் துளைக்கும். அவர் அங்கே சுடமாட்டார்.

இந்தத் துல்லியம் தொலைவை வெல்வதற்காக என்று நினைத்துப் போனேன். தான் போகக்கூடிய எல்லையை ஐயமின்றி அறிவதற்காக அது என்று அங்கே புரிந்தது. தோட்டாவின் குறையை ஒவ்வொன்றாகக் களைந்தால்தான் மிஞ்சுவது காற்றின் குறையா, கையின் குறையா என்று தெரியும். தெரிந்தால்தான் விசையைத் தொடாமல் இருக்க முடியும். உயிரைக் கொல்வது சரியா என்ற என் கேள்விக்கு இது பதிலாகாது. ஆனால் கொல்லும் உரிமையைச் சட்டம் கொடுத்திருக்கும் ஓரிடத்தில், அந்த உரிமையோடு சேர்ந்த கடமையை இவ்வளவு முழுமையாக ஏற்றுக்கொண்டவர்களை நான் மதிக்கிறேன். தோட்டா கட்டும் ஒருவரின் தரத்தை அறிய விரும்பினால் அவருடைய மிகச் சிறிய வட்டம் விழுந்த தாளைக் கேட்க வேண்டாம். எத்தனை கஜத்துக்கு மேல் சுடமாட்டீர்கள், ஏன் என்று கேளுங்கள். கணக்கோடு பதில் சொன்னால் அவருக்குத் தொழில் தெரியும்.