நிற்பதற்கு முன் ஒரு குலுக்கல்

காரை ஓட்டுகிறவருக்கு ஒரு கார்; பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவருக்கு வேறு ஒரு கார். இரண்டும் ஒரே கார்தானே என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு மடியில் சாப்பாட்டுக் கேரியரை வைத்து எடுத்துப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். ஓட்டுகிறவருக்கு வண்டி எப்போது நிற்கப் போகிறது என்பது முன்கூட்டியே தெரியும். கை ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறது, கால் ஊன்றியிருக்கிறது, உடம்பு தானாகத் தயாராகிவிடும். பக்கத்தில் இருப்பவருக்கு இந்தச் சௌகரியம் ஏது? சிக்னலுக்குப் பத்தடி முன்னால் 'தடக்' என்று ஒரு குலுக்கல் வந்தால், ரசம் சிந்துவது அவர் புடவையில்தான்.

தானாகவே கியர் மாறும் டீசல் கார்கள் சிலவற்றில் இந்தத் 'தடக்' உண்டு. வேகம் எடுக்கும்போது வழுக்கினாற்போலப் போகும். வேகத்தைக் குறைத்து நிறுத்தப் போகும்போதுதான், யாரோ பின்னாலிருந்து சீட்டைப் பிடித்துத் தள்ளினாற்போல் இருக்கும். "இந்த வண்டியே அப்படித்தான், பழகிவிடும்" என்பார்கள். இது பழகிக்கொள்ள வேண்டிய சமாசாரமா, கவனிக்க வேண்டிய சமாசாரமா என்பதைத்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

எங்கள் வீட்டுக் கார் செகண்ட் ஹாண்டில் வாங்கியது. லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. ஓட்டுகிறவன் என் தம்பி. என் தாயாருக்கு முதுகுத்தண்டில் தேய்மானம். வாரத்துக்கு இரண்டு தடவை மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கு, டாக்டர் சொன்ன உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் போய் வரவேண்டும்.

"ஏண்டா, இந்தக் கார் நிக்கறதுக்கு முன்னாடி என் முதுகிலே ஒரு குத்து குத்திட்டுத்தான் நிக்குமா?" என்று அம்மா ஒருநாள் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே, அம்மா!" என்றான் தம்பி.

"உனக்கெப்படித் தெரியும்? பிடிச்சுக்க உனக்கு ஸ்டீயரிங் இருக்கு. எனக்கு என்ன இருக்கு?"

அதன் பிறகு ஒவ்வொரு சிக்னலுக்கும் முன்னால் அம்மாவின் கை முன்பலகையைத் தேடிப் போகும். கொஞ்ச நாளில், "நான் ஆட்டோவிலேயே போய்க்கறேன்" என்று ஆரம்பித்துவிட்டார். வாசலில் சொந்தக் கார் நிற்க, முதுகுவலிக்காரர் ஆட்டோவில் போவதாவது! கேட்டால், "ஆட்டோவும் குலுக்கத்தான் குலுக்கும். ஆனா மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியறது, சொல்லிட்டுக் குலுக்கறது" என்கிறார். இதற்கு என்ன பதில் சொல்வது?

வண்டியை ஒரு பட்டறைக்குக் கொண்டு போனோம். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "கியர் பெட்டியையே மாற்றவேண்டும்" என்று ஒரு தொகை சொன்னார்கள். கார் வாங்கிய விலையில் பாதிக்கு மேல்! அம்மா அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். தம் முதுகுக்காக வீட்டில் இவ்வளவு செலவு வருகிறதே என்று அதற்குப் பிறகு குலுக்கலைப் பற்றி வாயே திறக்கவில்லை. வலியைவிட அந்த மௌனம்தான் எங்களுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

பெட்டியை மாற்றுவதற்கு முன்னால், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? 1905-ல் ஜெர்மனியில் ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்ற எஞ்சினீயர் கப்பல்களுக்காக ஒரு யுக்தி கண்டுபிடித்தார். இரண்டு விசிறிகளை எதிரெதிரே ஒரு திரவத்துக்குள் வைத்தால், ஒன்று சுற்றும்போது பாயும் திரவம் மற்றதையும் சுற்றவைக்கும். இந்த யுக்தியின் வம்சத்தில் வந்ததுதான், 1940-ம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் 1939-ல் கொண்டுவந்த 'ஹைட்ரா-மாடிக்' என்ற தானியங்கிக் கியர் பெட்டி.

இன்றைய பெட்டிகளிலும் முன்னால் அந்த விசிறிகள், பின்னால் பல்சக்கரங்கள், அவற்றைப் பிடிக்கவும் விடவும் பல கிளட்சுகள். கிளட்சைப் பிடிக்கவைப்பது எண்ணெயின் அழுத்தம். கியர் மாறுவது என்றால், ஒரு கிளட்ச் விடும் அதே நேரத்தில் இன்னொன்று பிடிக்கவேண்டும். கைக்குழந்தையை ஒருத்தி கையிலிருந்து மற்றொருத்தி வாங்குவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? இவள் முந்தி விடவும் கூடாது. அவள் வெடுக்கென்று இழுக்கவும் கூடாது. நேரம் தவறினால் குழந்தை வீறிடும். காரில் அதுதான் 'தடக்'.

சரி, நிற்கப் போகும்போது மட்டும் ஏன்? ஜெர்மனியின் இஸட்.எஃப். கம்பெனி 2001-ல் கொண்டுவந்த ஆறு கியர் பெட்டியைப் பாருங்கள். ஆறாவது கியரிலிருந்து ஐந்தாவதுக்கு இறங்கும்போது, உள்ளே சுற்றும் தண்டு முன்னைவிடச் சுமார் 1.25 மடங்கு வேகமாகச் சுற்றினால் போதும். இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கு இறங்கும்போதோ சுமார் 1.8 மடங்கு! மாடிப்படியில் எல்லாப் படியும் சிறியதாக இருந்து, கீழ்ப்படி மட்டும் உயரமாக இருந்தால் எப்படி இருக்கும்? அந்தக் கதைதான்.

டீசல் எஞ்சினுக்கு இன்னொரு குணம், குறைந்த சுற்றிலேயே முரட்டு இழுவை. ஓடும் வண்டியில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வது நிற்கிறது. சுற்று மிகவும் குறைந்ததும், எஞ்சின் அணைந்துவிடாமலிருக்க மறுபடியும் பாய்கிறது. அந்தக் கணமும் கியர் இறங்கும் கணமும் ஒன்று சேர்ந்தால் குலுக்கல் பெரிதாகத் தெரியும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் தளர்ந்திருந்தாலோ கேட்கவே வேண்டாம்.

இரண்டாவதாக நாங்கள் போனது ஒரு வயதான மெக்கானிக்கிடம். அவர் காரைத் தொடுவதற்கு முன், "குலுக்குதுன்னு சொன்னது யாரு?" என்று கேட்டார். அம்மாவைக் காட்டினோம். "எப்பம்மா குலுக்குது?" என்றார்.

"போறச்சே அவ்வளவா இல்லை. வண்டி சூடாகித் திரும்பி வரச்சேதான். முழுசா நிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி" என்றார் அம்மா.

"இது போதும்மா" என்றார் மெக்கானிக்.

எண்ணெய் சூடானால் இளகும். அது பழையதாகி, கிளட்ச் தேய்ந்த பொடியும் கலந்திருந்தால், வால்வுகளில் கசிந்து அழுத்தம் சரியாக நிற்காது. அடியைத் திறந்தார், எண்ணெய் கறுத்து, கருகல் வாசனை அடித்தது. புது எண்ணெயும் வடிகட்டியும் போட்டு, கியர் மாறுவதை நிர்வகிக்கும் கம்ப்யூட்டர் மனப்பாடம் செய்திருந்த பழைய அளவுகளை அழித்து, மறுபடி கற்றுக்கொள்ள ஓட்டிக் காட்டினார். ஆன செலவு, முதலில் சொன்ன தொகையில் ஒரு சிறு பங்கு. குலுக்கல் முழுவதும் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். மத்தியான வெயில் நெரிசலில் லேசாக ஒரு தட்டுத் தட்டும். ஆனால் அம்மா இப்போது முன்பலகையைப் பிடிப்பதில்லை.

'இந்த எண்ணெய் வண்டியின் ஆயுளுக்கும் போதும்' என்று எழுதிவிடுகிற கார் கம்பெனிகள் உண்டு. பெட்டி செய்கிற இஸட்.எஃப். கம்பெனியோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருஷத்தில், மாற்றச் சொல்கிறது. செகண்ட் ஹாண்ட் டீசல் கார் வாங்கும் குடும்பங்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது.

உங்கள் காரிலும் இந்தத் தொந்தரவு இருந்தால், முதலில் என்ன ஜாதிப் பெட்டி என்று விசாரியுங்கள். சாதாரணக் கிளட்சையே இயந்திரம் மிதித்து மாற்றும் ஏ.எம்.டி. வகையில் சிறு உலுக்கல் இயல்பு. நான் சொன்ன எண்ணெய் விசிறிப் பெட்டியில் பெரிய உலுக்கல் இயல்பல்ல. வண்டி சூடாக இருக்கும்போதா ஆறியிருக்கும்போதா, எந்த வேகத்தில், ஏ.ஸி. போட்டிருக்கும்போதா என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். எண்ணெய் மாற்றினால், கம்பெனி குறிப்பிட்ட ரகம்தானா என்று கேளுங்கள். மட்டம் குறைந்தாலும் கூடினாலும் கெடுதல். பல பெட்டிகளில் எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போதுதான் மட்டம் பார்க்கவேண்டும். ஓட்டுகிறவர் சற்று முன்னதாகவே மெதுவாகப் பிரேக் போடட்டும். குலுக்கலுக்குப் பயந்து ஓடும்போதே நியூட்ரலில் தள்ளவேண்டாம். பிரேக் மிதிக்கும்போது வண்டி முன்னே பாய்ந்தாலோ, எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ, குறித்து வைத்துக்கொண்டிராமல் உடனே காட்டிவிடுங்கள்.

பட்டறைக்குப் போகும்போது, குலுக்கலைச் சொன்னவரையும் அழைத்துப் போங்கள். பக்கத்துச் சீட்டில் வருகிறவர்களுக்குக் கார் ஓட்டத் தெரியாமல் இருக்கலாம். கார் எப்படி ஓடுகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.