பருப்பு வேகாத தண்ணியும் மோலிக் குஞ்சுகளும்

எங்க ஊர்ல தண்ணிக்கு ரெண்டே பேர்தான். குடிக்க ஆகுறது நல்ல தண்ணி, மத்ததெல்லாம் உப்புத் தண்ணி. எங்க போர் தண்ணி ரெண்டாவது வகை. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, கொதிக்க வைக்கிற பாத்திரத்துல வெள்ளையாப் படியும். அப்பா இருந்தவரைக்கும் அந்த போரைத் திட்டாத நாள் கிடையாது.

நெல்லை மட்டும் நம்பினா கட்டுப்படியாகாதுன்னு போன வருஷம் வண்ணமீன் வளர்ப்புல இறங்கினேன். திருவள்ளூர் மாவட்டத்துல இது புதுசு இல்லை. சென்னை கொளத்தூர் மீன் சந்தை பக்கத்துலயே இருக்கு. வீட்டம்மா சீட்டு எடுத்த பணத்துல பிளாஸ்டிக் தொட்டிகளும் மோலி தாய்மீன்களும் வாங்கினோம். மோலி முட்டையிடாது, குஞ்சாவே போடும். முதல் ஈத்துல முந்நூறு குஞ்சுக்கு மேல கிடைச்சது.

பச்சைப் பிள்ளைங்களுக்கு உப்புத் தண்ணியாங்கிற நினைப்புல, கேன் தண்ணி வாங்கி ஊத்தினேன். தப்பு அங்கதான் ஆரம்பிச்சது. 6 வாரம் ஆகியும் குஞ்சுங்க பொறந்த அளவைப் பெருசாத் தாண்டலை. துடுப்பை ஒடுக்கிக்கிட்டு, நின்ன இடத்துலயே உடம்பை ஆட்டிக்கிட்டு இருந்துச்சு. தினமும் பத்து இருபது செத்து மிதக்கும். தீனியை மாத்தினேன், பலனில்லை. "மோலிக்கு உப்பு பிடிக்கும்"னு யாரோ சொல்ல, கல்லுப்பு கரைச்சு விட்டேன். டிடிஎஸ் மீட்டர் 500ஐத் தாண்டினதும் சந்தோஷப்பட்டேன். வளர்ச்சி மட்டும் வரலை.

ஒருநாள் வீட்டம்மா மாட்டுத் தொட்டியைக் காட்டிக் கேட்டாங்க: "கொசுவுக்காக விட்ட கப்பி இதுல கொழுகொழுன்னு இருக்கே, இது போர் தண்ணிதானே?"

அப்புறம்தான் கடினத்தன்மை பார்க்கிற சொட்டு மருந்து வாங்கினேன். ஒரு சொட்டுன்னா லிட்டருக்கு ஏறக்குறைய 18 மில்லிகிராம் சுண்ணாம்புக் கணக்கு. போர் தண்ணிக்கு நிறம் மாற 16 சொட்டு ஆச்சு. உப்பு போட்ட கேன் தண்ணிக்கு ரெண்டே சொட்டு!

டிடிஎஸ் மீட்டர் தண்ணியில எவ்வளவு கரைஞ்சிருக்குன்னுதான் சொல்லும், என்ன கரைஞ்சிருக்குன்னு சொல்லாது. நான் போட்டது சோடியம். குஞ்சுக்கு எலும்பு கட்டத் தேவை கால்சியம், கூடவே மெக்னீசியம். நம்ம மாதிரி சாப்பாட்டை மட்டும் நம்பாம, மீன் கால்சியத்தைச் செவுள் வழியா தண்ணியில இருந்தே இழுத்துக்கும். தண்ணி வெறுமையா இருந்தா, உடம்புல இருக்கிற உப்பு வெளியே கசியாமக் காப்பாத்தவே அதோட தெம்பு போயிடும். வளர எங்க மிச்சம் இருக்கும்?

ஒரேயடியா தண்ணியை மாத்தலை. மாத்தினா அந்த அதிர்ச்சியிலயே செத்துடும். தினம் பத்துல ஒரு பங்கு எடுத்துட்டு போர் தண்ணி விட்டேன். பழவேற்காட்டுக் கிளிஞ்சலைக் கழுவி, துணிப்பையில கட்டித் தொட்டியில போட்டேன். அது மெதுவா சுண்ணாம்பு விடும். முதல் ஈத்துல மிஞ்சினது நாப்பதுதான். அதுங்க கடைசிவரைக்கும் சின்னதாவே இருந்துச்சு, விலை போகலை. அடுத்த ஈத்தை முதல் நாள்ல இருந்தே போர் தண்ணியில வளர்த்தேன். மூணு மாசத்துல சந்தைக்குப் போச்சு. சீட்டுப் பணத்துல பாதி திரும்பிடுச்சு, மீதிக் கடன் இன்னும் வீட்டம்மாவுக்கு இருக்கு.

அதுக்காக எல்லா மீனுக்கும் உப்புத் தண்ணி ஊத்திடாதீங்க. மோலிக்குச் சொந்த ஊர் மெக்சிகோ பக்கம், அங்க அது கடினமான தண்ணியிலயும் கழிமுகத்துலயும் வாழும். அமேசான்ல இருந்து வந்த நியான் டெட்ராவுக்கு மென்மையான தண்ணிதான் வேணும், கடினத் தண்ணியில அதோட முட்டை சரியாப் பொரியாது. கடையில மீன் வாங்குறப்போ, "இது எந்தத் தண்ணியில வளர்ந்தது?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. உங்க அபார்ட்மென்ட் ஆர்.ஓ. தண்ணி உங்களுக்கு நல்ல தண்ணி, மோலிக் குஞ்சுக்கு அது பட்டினி.

அப்பா திட்டின போர்தான் இப்போ எங்களுக்கு மீன் வளர்த்துக் கொடுக்குது. பருப்புக்கு மட்டும் இன்னும் கேன் தண்ணிதான்.