ஜமாஅத் அலுவலகத்துத் தாளும் ஓர் அமானிதமே

வீண்விரயம் என்றதும் வலீமா விருந்தில் மிஞ்சிய உணவும், உளூச் செய்யுமிடத்தில் மூடாமல் விட்ட குழாயுமே நம் நினைவுக்கு வருகின்றன. அலுவலக மேசையில் குவியும் தாளை நாம் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் ஜமாஅத் அலுவலகத்தின் தாள் மஹல்லாவாசிகளின் சந்தாவிலும் வக்ஃப் சொத்தின் வாடகையிலும் வாங்கப்படுகிறது. அது நம் சொந்தப் பொருளன்று; அமானிதம்.

இந்தக் கவலை புதியதும் அன்று. கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் ஆட்சிக் காலத்தில் (கி.பி. 717-720), மதீனாவின் ஆளுநர் அரசுப் பணிக்கு எழுதுதாள் கேட்டு எழுதினார். எழுதுகோலைக் கூர்மையாகச் சீவிக்கொள்ளவும், வரிகளை நெருக்கி எழுதவும், பல தேவைகளை ஒரே மடலில் அடக்கவும் கலீஃபா அறிவுறுத்தியதாக வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. பெரும் பேரரசின் அதிபதி பொதுப்பணத்துக்கு அஞ்சிய அச்சம் அது.

நம் அலுவலகக் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். 500 குடும்பங்கள் உள்ள மஹல்லாவில் நான்கு பக்க ஆண்டறிக்கையைத் தாளின் ஒருபுறம் மட்டும் அச்சிட்டு வழங்கினால் 2000 தாள்கள், அதாவது நான்கு ரீம்கள் செலவாகும். வழக்கமான ஏ4 தாள் ரீம் ஒன்றின் எடை ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. இருபுறமும் அச்சிட்டாலே பாதி மிச்சம். அறிக்கையைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டி, கைப்பேசியில் அனுப்பி, கேட்கும் முதியோருக்கு மட்டும் அச்சுப்படி தந்தால் ஒரு ரீமே மிகுதி. ஒருபுறம் வெறுமையான தாள்களைத் தைத்துக் குறிப்பேடாக்கினால் மக்தப் பிள்ளைகள் எழுதிப் பழகலாம்.

ஆனால், பயன்படுத்திய தாள் பின்னர் எங்கே போகிறது என்பதுதான் இதனினும் பெரிய கேள்வி. இரண்டு வகைத் தாள்களில் நாம் மிகுந்த எச்சரிக்கை கொள்ள வேண்டும்.

முதலாவது, ஜகாத் விண்ணப்பங்கள். கணவனை இழந்த ஒரு சகோதரி தன் வறுமையையும் கடனையும் எழுதி, ஆதார் நகலோடு தருகிறார். எடைக்குப் போடப்பட்ட அந்தத் தாள் தேநீர்க் கடையில் வடை மடிக்க வந்தால், அவருடைய மானம் தெருவுக்கு வந்ததாகும். பிறர் குறையை மறைப்பது நம் மார்க்கம் கற்றுத்தந்த பண்பு. எனவே இவற்றின் மறுபுறத்தையும் பயன்படுத்தலாகாது. தேவை முடிந்ததும் படிக்க இயலாதவாறு துண்டுதுண்டாகக் கிழித்த பின்னரே பழைய பேப்பர் கடைக்கு அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, இறைவசனங்களும் அல்லாஹ்வின் திருநாமமும் அச்சான தாள்கள். இவற்றைக் குப்பையில் இட மனம் வராது; எடைக்குப் போடவும் துணிவு வராது. ஆகவே ரமளான் நேர அட்டவணைகளும் பழைய நோட்டீஸ்களும் அலுவலக மூலையில் மூட்டை மூட்டையாய்க் கிடக்கின்றன. தூய துணியில் சுற்றி, மிதிபடாத இடத்தில் புதைப்பதை ஹனஃபி நூல்கள் கூறுகின்றன. எரிப்பதற்கு உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்து முன்மாதிரி காட்டப்படுகிறது. எதைக் கைக்கொள்வது என்பதை அவரவர் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவதே முறை.

எனினும், அச்சிடும் முன்பே சிந்தித்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி எழாது. கடிதத்தை பிஸ்மில்லாஹ்வைக் கொண்டு தொடங்குவது நபி (ஸல்) அவர்களின் வழிமுறைதானே என்று சிலர் கேட்கலாம். உண்மையே; ஹெராக்ளியஸ் மன்னருக்கு அனுப்பிய மடல் அவ்வாறே தொடங்கியது. ஆனால் அது திஹ்யா (ரலி) அவர்களின் கையில் கொடுத்தனுப்பப்பட்ட மடல். ஜும்ஆ முடிந்து வாசலில் நூற்றுக்கணக்கில் நீட்டப்பட்டு, அஸருக்குள் சாக்கடையோரம் கிடக்கும் துண்டறிக்கை அன்று. அத்தகைய தாளில் வசனத்தை அச்சிடாதிருப்பதே வசனத்துக்குச் செய்யும் கண்ணியம். பிஸ்மில்லாஹ்வை நாவால் மொழிந்து அச்சிடத் தொடங்கினால் போதாதா?

இதற்கெனப் பெரும் செலவு தேவையில்லை. மூன்று பெட்டிகள் போதும். ஒன்று சாதாரணத் தாளுக்கு, ஒன்று கிழிக்க வேண்டியதற்கு, ஒன்று கண்ணியம் காக்க வேண்டியதற்கு. எண்ணெய் பட்ட பொட்டலத் தாளும், உட்புறம் பிளாஸ்டிக் பூசிய தேநீர்க் குவளையும் முதற்பெட்டியில் விழாமல் பார்த்துக்கொண்டால், உள்ளிருக்கும் தாள் கெடாமல் மறுசுழற்சிக்குப் போய்ச் சேரும். விற்று வரும் சிறுதொகையையும் ரசீதிட்டு பைத்துல்மாலில் சேர்ப்போம்; அதுவும் அமானிதமே.

தன் பணத்தில் சிக்கனமாக இருப்பவர் பலர். பொதுப்பணத்திலும் அவ்வாறே இருப்பவர்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.