மூன்று சாதாரண டயோட்கள்

உயர்தரப் பௌதிகவியல் செயற்றிட்டத்துக்காக, சேர்த்த காசில் ஒரு சிறிய லேசர் டயோட் வாங்கினேன். ஹட்டனில் வானொலி திருத்தும் வாப்பா லுஹர் தொழுகைக்குப் போயிருந்த நேரம், அதைப் பற்றரியில் நேரே இணைத்தேன். ஒரு கணம் சிவந்தது, அவ்வளவுதான். 'பழுதானதைத் தந்துவிட்டார்கள்' என்று சொல்லிவிடலாமா என மனம் அலைந்தது. வாப்பா வந்ததும் உண்மையைச் சொன்னேன்.

அவர் ஏசவில்லை. "மகள், இது பல்ப் இல்ல. வோல்ற்றளவு கொஞ்சம் கூடினாலும் கரண்ட் பாய்ஞ்சு ஏறும். கட்டுப்படுத்த வேண்டியது கரண்டத்தான்" என்றார்.

எல்.எம். 317 தன் இரு கால்களுக்கிடையில் 1.25 வோல்ற்றை நிலையாக வைத்திருக்கும். அங்கே 47 ஓம் தடையை இணைத்தால் ஏறத்தாழ 27 மில்லி அம்பியர்தான் பாயும். புதிய டயோட் தாங்குவது அதைவிடச் சற்று அதிகம்.

ஆனாலும் வாப்பா முதலில் அதைத் தொடவிடவில்லை. மூன்று சாதாரண டயோட்களையும் 1 ஓம் தடையையும் தொடராக இணைக்கச் சொன்னார். அத்தடைக்குக் குறுக்கே எத்தனை மில்லி வோல்ற்றோ, அத்தனை மில்லி அம்பியர். 27 காட்டியது. மின்னை நிறுத்தி, கொள்ளளவியில் தேங்கிய ஏற்றத்தையும் இறக்கிய பிறகே லேசரைப் பற்றவைத்தோம்.

"கண்ணுக்கு ஒண்டும் ஆகாதா?" என்றார் உம்மா. கண்ணாடியை அகற்றி, தம்பியைப் பின்னால் நிறுத்தி, சுவரை நோக்கிப் பொருத்தினோம். யன்னல் வழியே வந்த பனிமூட்டத்தில் சிவப்புக் கோடு தெரிந்தது.

இப்போது தோழிகள் சுற்றுப்படம் கேட்டால், முதலில் மூன்று சாதாரண டயோட்களைக் கொடுக்கிறேன்.