கால் எட்டும் உயரம்



பாடநூல், பயிற்றி, தேர்வுத்தாள் என்றே எழுதிவந்த நான் இன்று மோட்டார்சைக்கிளைப் பற்றி எழுதப் போகிறேன். 'ஆசிரியைக்கு என்னவாயிற்று?' எனச் சிலர் நினைக்கலாம். ஒன்றும் ஆகவில்லை. இதுவும் ஒரு பாடம்தான். நாற்பத்து நான்கு வயதில், என்னிடம் படித்த மாணவர் ஒருவரிடம் நான் கற்றுக்கொண்ட பாடம்.

என் உயரம் 150 சென்டிமீட்டர். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற நாள்களில் கரும்பலகையின் மேல்விளிம்பில் நாள், கிழமை எழுத எனக்குக் கை எட்டாது. தோழியர் யாராவது எழுதித் தருவர். பேருந்தில் கைப்பிடி எட்டாது. வீட்டில் மேல்தட்டு எட்டாது. இவற்றுக்கெல்லாம் பழகிவிட்டேன். கை எட்டாவிட்டால் பிறரை அழைக்கலாம், முக்காலி போட்டுக்கொள்ளலாம். கால் எட்டாவிட்டால் என்ன செய்வது?

சென்ற ஆண்டு என் கணவர் வேலை மாற்றலாகி ஜொகூருக்குச் சென்றார். மகிழுந்தும் அவரோடு சென்றது. நான் பணிபுரியும் பள்ளி, பேராக் மாநிலத்தின் தென்பகுதியில் ஒரு செம்பனைத் தோட்டத்திற்குள் இருக்கிறது. வீட்டிலிருந்து பதினான்கு கிலோமீட்டர். கடைசி மூன்று கிலோமீட்டர் செம்மண் சாலை. பேருந்து கிடையாது. ஒன்பது வயது மகளும் அதே பள்ளியில்தான் படிக்கிறாள். ஆகவே, இருபது வயதில் எடுத்து, ஆண்டுதோறும் புதுப்பித்து மட்டுமே வந்த பி2 உரிமத்திற்கு வேலை வந்தது.

அந்த உரிமத் தேர்வை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஒடுங்கிய மேடைமீது ஓட்ட வேண்டும், கூம்புகளுக்கிடையே வளைந்து வளைந்து செல்ல வேண்டும். கால் தரையில் பட்டுவிடக் கூடாது. காலை ஊன்றாமல் ஓட்டுவதற்கே அத்தனைப் பயிற்சியும். காலை ஊன்றி நிற்பது எப்படி என்று எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

என் கொழுந்தனார் தம்முடைய 150 சிசி வண்டியைக் கொடுத்தார். அதன் இருக்கை ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் உயரம். ஏறி அமர்ந்தபோது இரண்டு கால்களின் பெருவிரல் நுனி மட்டுமே தரையைத் தொட்டது. தயங்கினேன். "பழகிட்டா சரியாயிடும் அண்ணி" என்றார். நானும் நம்பினேன்.

மூன்றாவது வாரம், பள்ளியிலிருந்து திரும்பும் வழியில், பெருஞ்சாலையைத் தொடும் சந்திப்பில் நின்றேன். பின்னால் மகள். லாரி ஒன்று கடந்து செல்லட்டும் என்று சாலையின் இடது ஓரத்தில் ஒதுங்கி இடக்காலை நீட்டினேன். நீர் வடிவதற்காகச் சாலை ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும் அல்லவா? அங்கே தார் வேறு பெயர்ந்திருந்தது. என் கால் தேடிய இடத்தில் தரை இல்லை. வண்டி மெதுவாக, மிக மெதுவாகச் சாய்ந்தது. என்னால் தாங்க முடியவில்லை. இருவரும் கால்வாய் ஓரத்துப் புல்லில் விழுந்தோம்.

மகளுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். ஆனால், மறுநாள் காலையில் வண்டியின் அருகில் வந்து நின்றவள் ஏற மறுத்துவிட்டாள். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. "உங்களுக்குக் கால் எட்டலம்மா" என்று மட்டும் சொன்னாள். அன்று முதல் பக்கத்து வீட்டு ஆசிரியரின் மகிழுந்தில் அவளை அனுப்பினேன். நான் தனியே, ஒவ்வொரு சந்திப்பிலும் நெஞ்சு படபடக்க, அந்த வண்டியில் போய்வந்தேன்.

பிறகு கடை கடையாக ஏறினேன். விளக்கத் தாள்களில் இருக்கை உயரத்தை மில்லிமீட்டரில் அச்சிட்டிருப்பார்கள். அதை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். யமஹா ஒய்15இசட்ஆர் 780, என்விஎக்ஸ் 790, என்மேக்ஸ் 765. ஹோண்டா ரெபல் 500 வெறும் 690! மகிழ்ந்து போனேன். ஆனால் அதன் இயந்திரம் 471 சிசி, எடையோ 190 கிலோவை ஒட்டியது. என் பி2 உரிமம் 250 சிசியோடு நின்றுவிடும். என்மேக்சில் ஏறிப் பார்த்தேன். எண்ணிக்கையில் தாழ்வுதான், ஆயினும் என் கால் முன்போலவே நுனிவிரலில் நின்றது. எனக்கு விளங்கவில்லை. கடைக்காரர்கள் அனைவரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: பழகினால் சரியாகிவிடும்.

இந்த நிலையில்தான் எங்கள் சிற்றூரில் பட்டறை வைத்திருக்கும் அந்தப் பழைய மாணவரிடம் சென்றேன். வகுப்பில் அவர்தான் உயரமானவர்; அதனாலேயே ஆறு ஆண்டுகளும் கடைசி வரிசையில் அமர்ந்தவர். கணிதத்தில் அவரை நான் கடிந்துகொண்டது கொஞ்சநஞ்சம் அன்று. என் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்துப் புன்னகைத்தார்.

"டீச்சர், சீட்டு எவ்ளோ உயரம்னு மட்டும் பாத்தா பத்தாது. முன்பக்கம் எவ்ளோ அகலம்னு பாருங்க" என்றவர், சுவரில் சாய்த்திருந்த மடக்கு ஏணியை எடுத்து என் முன்னே நிறுத்தி விரித்தார். "விரிக்க விரிக்க ஏணி குள்ளமாகுதுல்ல? உங்க காலும் அப்படித்தான்."

அவ்வளவுதான். மூன்று மாதக் குழப்பம் நீங்கிற்று. அகன்ற இருக்கையில் தொடைகள் விரிகின்றன. கால் நேராக இறங்காமல் சாய்வாக இறங்குகிறது. தரைக்கு எட்டாமல் போகிறது. சற்று உயரமாக இருந்தாலும் முன்பக்கம் ஒடுங்கிய இருக்கையில் அதே கால் எட்டிவிடுகிறது. விளக்கத் தாளில் இருப்பது யாரும் அமராத நிலையில் எடுத்த அளவு என்பதையும் அவரே சொன்னார். நாம் அமர்ந்ததும் நம் எடைக்கு ஏற்பச் சுருள்வில் அமுங்கி வண்டி சிறிது தாழும்.

அவர் எனக்குப் பரிந்துரைத்தது, நம் நாட்டில் எல்லாரும் அறிந்த சாதாரணக் கப்சாய். நான் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்ட வண்டி அது. இந்த வடிவத்தின் வரலாறு சுவையானது. 1958இல் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. எரிபொருள் கலனை முழங்கால்களுக்கிடையே வைக்காமல் இருக்கையின் அடியில் வைத்தார்கள். இயந்திரத்தைக் கீழே படுக்கவைத்தார்கள். அதனால் காலைத் தூக்கி வீசாமல் முன்பக்கமாகவே நுழைத்து ஏறலாம். உணவு கொண்டுசெல்வோர் ஒரு கையில் தட்டை ஏந்தியபடி ஓட்ட வேண்டும் என்பதற்காகக் கிளட்ச் பிடியையும் நீக்கினார்கள். 2017க்குள் இவ்வகை வண்டிகள் பத்துக் கோடி உற்பத்தியாயின. 'கப்' என்பதோடு, சிறியது எனப் பொருள்படும் கண்டோனியச் சொல் சேர்ந்தே 'கப்சாய்' ஆயிற்று என்பர். 1987 முதல் நம் சாலைகளில் ஓடும் ஹோண்டா இஎக்ஸ்5, 1996இல் கெடா மாநிலத்துக் குருணில் பிறந்த மொடெனாஸ் கிரிஸ் ஆகியவையெல்லாம் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே.

பழைய இஎக்ஸ்5 ஒன்றை வாங்கினேன். அளவு நாடாவால் அளந்தபோது இருக்கை சுமார் 77 சென்டிமீட்டர் இருந்தது. எடை நூறு கிலோவை ஒட்டியது. இருக்கையின் உறையைக் கழற்றி, உள்ளிருக்கும் பஞ்சை முன்பக்கத்தின் இரு ஓரங்களிலும் செதுக்கி, மேலே இரண்டு சென்டிமீட்டர் குறைத்து, மீண்டும் தைத்துக் கொடுத்தார் மாணவர். கூலி அறுபது ரிங்கிட்.

"பின்னாடி அப்சோபரையும் கட்டையாக்கிடலாமே?" என்று கேட்டேன். மறுத்துவிட்டார். பின்பக்கம் தாழ்ந்தால் பக்கத் தாங்கி நீளமாகிவிடும். வண்டி சாயாமல் நிமிர்ந்து நின்று மறுபக்கம் விழும். முன்விளக்கு மேல்நோக்கி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். செம்மண் மேட்டில் அடிப்பகுதி இடிக்கும். திருப்பங்களில் வண்டியின் நடத்தையும் மாறும். "பஞ்ச வெட்டுறது சட்டையத் தச்சிக்கிற மாதிரி டீச்சர். இது எலும்ப வெட்டுற மாதிரி" என்றார். இப்படி விளக்கம் சொல்லக்கூடியவரையா நான் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தேன்!

சனிக்கிழமைகளில் பள்ளித் திடலில் பயிற்சி. ஓட்டுவதற்கு அன்று, நிறுத்துவதற்கு. ஒரே காலையில் நாற்பது முறை நிறுத்தியிருப்பேன். அங்குக் கற்றவற்றை, என்னைப் போன்ற உயரம் உடையோர்க்காகக் கீழே தருகிறேன்.

1. உயரத்தை அளப்பதைவிடக் கால் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். சுவரோரம் நின்று, தடித்த அகராதி ஒன்றைக் கால்களுக்கிடையே மேலே அழுத்தி, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். எனக்கு 68 சென்டிமீட்டர். ஒரே உயரமுள்ள இருவருக்கும் இது வேறுபடும்.

2. கடைக்குச் செல்லும்போது, நாள்தோறும் அணியும் காலணியையே அணிந்து செல்லுங்கள். தாங்கியை மடக்கி, வண்டியை நிமிர்த்தி அமர்ந்து பாருங்கள். தாங்கியில் சாய்ந்திருக்கும் வண்டி எல்லாருக்கும் எட்டும்.

3. இரண்டு பாதங்களும் முழுமையாகப் பதிய வேண்டும் என்பதில்லை. இடுப்பைச் சற்று இடப்பக்கம் நகர்த்தி, இடப்பாதம் உறுதியாகப் பதிந்தால் போதும். வலக்கால் பின்சக்கர நிறுத்தியின் மேலேயே இருக்கட்டும். மேட்டில் வண்டி பின்னோக்கி உருளாமல் அதுவே காக்கும்.

4. இடக்கால் ஊன்றப் போகிறது என்பதால், நிற்பதற்கு முன்பே பல்லிணையைக் குறைத்துவிடுங்கள்.

5. நிற்கும் முன் நிற்கப் போகும் தரையைப் பாருங்கள். கால்வாய் ஓரம் வேண்டாம். மற்ற வண்டிகளின் சக்கரம் பதிந்து சமமான இடமே நமக்கு ஏற்றது. மணல், பள்ளம், செம்பனைப் பழம் சிதறிய இடம் ஆகியவற்றைத் தவிர்த்திடுங்கள்.

6. எடையையும் கவனியுங்கள். சாயத் தொடங்கிய வண்டியைத் தாங்குவது நம் ஒற்றைக் கால்தான்.

இவ்வளவோடு முடித்திருக்கலாம். ஆனால், இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்.

என் முதலாம் ஆண்டு வகுப்பில் ஒரு சிறுவன் இருக்கிறான். வகுப்பிலேயே சிறியவன். எப்போதும் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து கால்களை ஆட்டிக்கொண்டே இருப்பான். "காலை ஆட்டாதே" என்று நாளுக்குப் பத்து முறையாவது சொல்லியிருப்பேன். எழுத்தும் கோணலாக இருக்கும். "பழகப் பழக வந்துவிடும்" என்று அவன் தாயிடம் சொன்னதும் நானே.

அந்த வண்டி வாங்கிய மறுவாரம், கீழே விழுந்த சுண்ணக்கட்டியை எடுக்கக் குனிந்தேன். மேசைகளுக்கு அடியில் வரிசையாகக் கால்கள். அவனுடைய கால்கள் மட்டும் தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. காலணியின் நுனியால் தரையைத் தேடிக்கொண்டிருந்தான். சந்திப்பில் என் கால் தேடியதும் அப்படித்தான்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருக்கிறேன். உயரம் குறைந்த பிள்ளைகளை முன்வரிசைக்குக் கொண்டுவரத் தெரிந்த எனக்கு, அவர்களுடைய கால் தரையில் படுகிறதா என்று ஒருமுறையேனும் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. அன்று பழைய பயிற்றி நூல்களை அடுக்கி, கயிற்றால் இறுகக் கட்டி, அவன் காலடியில் வைத்தேன். அவன் இரு பாதங்களையும் அதன்மேல் வைத்தான். முதுகை நாற்காலியில் சாய்த்தான். ஆட்டம் அன்றோடு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். எழுத்தும் இன்னும் கோணல்தான். ஆனால், 'காலை ஆட்டாதே' என்று நான் சொல்வது நின்றுவிட்டது. பாலர் பள்ளி அறையில் மிகுதியாக இருந்த தாழ்ந்த நாற்காலி ஒன்றைத் தலைமையாசிரியரிடம் கேட்டுப் பெற்று, இப்போது அவனுக்குக் கொடுத்திருக்கிறேன்.

பழகினால் சரியாகும் காரியங்கள் உண்டு. அளந்து சரிசெய்ய வேண்டிய காரியங்களும் உண்டு. பின்னதை முன்னதென்று சொல்லிவிடுவது நமக்கு எளிது. விழுவது மற்றவர்தாமே!

மகளை நான் வற்புறுத்தவில்லை. ஒரு மாலை, திடலில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது விளிம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மறு சனிக்கிழமை தலைக்கவசத்தோடு வந்தாள். இப்போது நாள்தோறும் என்னோடுதான் வருகிறாள். அந்தச் சந்திப்பில் நான் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் பின்னாலிருந்து எட்டிக் கீழே பார்க்கிறாள்.

"எட்டுதாம்மா?"

"எட்டுது கண்ணு."

அதன் பிறகுதான் என் இடுப்பை இறுகப் பிடித்த கை தளர்கிறது.