பழவேற்காட்டுத் துறையில் ஒரு படகு

பொன்னேரியில் இறங்கிக் கிழக்கு நோக்கிச் செல்லும் பேருந்தில் ஏறி அமர்ந்தால், பச்சை வயல்கள் மெல்ல மெல்லப் பின்வாங்கி, உவர் பூத்த வெளிகள் தோன்றத் தொடங்கும். காற்றில் கருவாட்டு மணம் கலந்ததும் பழவேற்காடு நெருங்கிவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். சென்னையிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவுதான். எனினும் நம் வாசகர்களுள் பலர் வேளாங்கண்ணிக்குப் பத்து முறை சென்றிருப்பார்கள். இங்கு ஒரு முறையும் வந்திருக்க மாட்டார்கள்.

இங்குள்ள மகிமை மாதா ஆலயத்தின் வரலாறு போர்த்துக்கீசியர் காலத்தில், 1515-ஆம் ஆண்டில் தொடங்குவதாகக் கூறுவர். சென்ற தவக்காலத்தின் நான்காம் வாரத்தில் அன்னையைத் தரிசிக்கவே நான் புறப்பட்டேன். உடன் வந்தவர் எங்கள் பங்கின் கோவில்பிள்ளை. அவர் இளமையில் இந்தக் குப்பங்களுக்கு ஐஸ்கட்டி வண்டி ஓட்டியவர். இங்கே அவருக்குத் தெரியாத வீடு இல்லை. செபம் முடிந்ததும், டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தையும் பார்த்துவிடலாம் என்றேன். நுழைவாயிலின் இருபுறமும் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்த தோட்டம் அது. 1613-இல் ஜெல்திரியா கோட்டையைக் கட்டி வாணிபம் செய்தவர்கள் அங்கே துயில்கிறார்கள். கோவில்பிள்ளையோ, “செத்தவங்களை அப்புறம் பார்க்கலாம் சாமி. கண் ஆபரேஷன் பண்ணிக்கிட்ட என் சிநேகிதர் ஒருத்தர் உயிரோட இருக்கார், அவரை முதல்ல பார்ப்போம்” என்று என்னை ஏரிக்கரைக்கு இழுத்துச் சென்றுவிட்டார். டச்சுக்காரர்களை அன்று நான் பார்க்கவே இல்லை.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் மிகப்பெரிய உவர்நீர் ஏரி இதுவே. பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் இருக்கிறது. தென்முனை மட்டும் நம்முடையது. ஆரணியாறும் காளாங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்க, முகத்துவாரத்தின் வழியே கடல் உப்புநீரைக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஐப்பசி கார்த்திகையில் ஏரி ஏறக்குறைய நன்னீராகிவிடும். பங்குனி சித்திரையிலோ வெயிலில் நீர் வற்றி, முகத்துவாரமும் மணல் மூடிப்போனால், கடலைவிட மிகுந்த உப்பேறிவிடும். நான் சொல்ல வந்த விஷயத்திற்கு இது அவசியம். ஆகையால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் தேடிச் சென்ற பெரியவர் நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால் மாதா திருவிழாவுக்கு ஆண்டு தவறாமல் வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர். அறுபதைத் தாண்டிய வயது. வலக்கண்ணில் கறுப்புக் கண்ணாடி. கரையில் ஒரு கவிழ்ந்த கூடையின்மேல் அமர்ந்து, எதிரே சாய்ந்து கிடந்த தம் பைபர் படகையும், அதன் அடியில் குந்தியிருந்த மகனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். “வாங்க சாமி” என்று எழுந்தவரின் குரலில் மகிழ்ச்சி இருந்தது, முகத்தில் இல்லை.

காரணம் விரைவில் தெரிந்தது. கண் சிகிச்சைக்காக அவர் இரண்டு மாதம் தொழிலுக்குப் போகவில்லை. மகன் வேறொருவர் படகில் கூலிக்குச் சென்றான். இவர்களுடைய படகோ உப்பேறிய நீரில் கட்டியபடியே கிடந்தது. மூன்று நாள் கழித்து அவர்களுக்குப் ‘பாடு’ வருகிறது. ஏரியில் இறால் படும் இடங்களை யாரும் தமக்கென்று பிடித்துக்கொள்ளாமல், குப்பத்தார் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. அந்த நாளில் படகும் வலையும் ஆயத்தமாக இராவிட்டால் முறை கைவிட்டுப் போய்விடும். மகளோ செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு. கட்டணத்துக்குத் தவணை நெருங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவையும் அந்தப் பாடு ஒன்றையே நம்பி வைத்திருந்தார்கள்.

படகின் அடிப்பாகத்தைப் பார்த்தேன். முதலில் பச்சையும் பழுப்புமாக வழுவழுப்பான ஒரு பாசிப்படலம், கைவைத்தால் வழுக்கிற்று. அதன்கீழே சிறு எரிமலைகளைப் போல் நூற்றுக்கணக்கான சுண்ணாம்புக் கூடுகள். நீர்மட்டம் நின்ற இடத்தில் தேநீர்க்கறை போன்ற ஒரு பட்டை. அணியத்தில் நங்கூரச் சங்கிலி உரசிய இடத்திலிருந்து வழிந்த செந்துருக் கறை.

அந்தச் சுண்ணாம்புக் கூடுகளை நூல்களில் கொட்டலசு என்று எழுதுகிறார்கள். பார்வைக்குச் சிப்பி போல் இருந்தாலும் அது இறாலுக்கும் நண்டுக்கும் உறவான உயிர். குஞ்சுப் பருவத்தில் நீந்தித் திரிந்து, தகுந்த இடம் கண்டதும் தன் தலையை ஒருவகைப் பசையால் ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் மதில் எழுப்பிக்கொள்கிறது. பிறகு ஆயுள் முழுதும் தலைகீழாக நின்று, கால்களால் இரையை வாரி உண்கிறது. டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் இந்தச் சிற்றுயிரின் ஆராய்ச்சியிலேயே செலவிட்டார். படைத்தவரின் கைவேலையை வியந்து நான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, பெரியவர், “அது என்ன வேணா செய்யட்டும் சாமி. என் டீசலைக் குடிக்குதே, அதான் வயித்தெரிச்சல்” என்றார். 5 லிட்டரில் போய்வந்த இடத்துக்கு இப்போது 6 லிட்டருக்கு மேல் ஆகிறதாம். வியப்பதற்குத் தலைப்பட்டவன் வாயை மூடிக்கொண்டேன்.

கட்டுமரக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் உலர்த்திவிடுவார்கள். வெயிலில் எந்தப் பாசியும் தங்காது. மரப்படகுக்கு வேறு பகை இருந்தது. மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழு. தம் தந்தையார் மழைக்காலத்தில் படகை ஆற்றுமுகத்துக்குக் கொண்டுபோய் நன்னீரில் நிறுத்துவார் என்று பெரியவர் கூறினார். உப்புநீர் உயிர்கள் நன்னீரில் மடியும் என்பதை எந்தக் கல்லூரியும் அவருக்குக் கற்பிக்கவில்லை.

பைபர் படகுகள் நம் கடற்கரையில் பெருகியதற்கு நீண்ட கதை உண்டு. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், கரையேற்றத்தக்க புதுப் படகுகளைச் சோதித்துப் பார்த்தது. ஆயினும் குப்பந்தோறும் அவை நிறைந்தது 2004 டிசம்பர் 26-க்குப் பிறகுதான். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாளான அந்த ஞாயிற்றுக்கிழமையை நாம் மறப்பதற்கில்லை. கடல் கொண்டுபோன மரங்களுக்கு ஈடாக உதவி நிறுவனங்கள் தந்தவை பெரும்பாலும் பைபர் படகுகளே. இவருடையதும் அப்படி வந்ததுதான். படகைத் தந்தவர்கள் அதை எப்படித் துலக்குவது என்று சொல்லித் தரவில்லை.

கண்ணாடி இழைகளைப் பாலியெஸ்டர் பிசினில் தோய்த்துச் செய்த உடல் அது. வெளியே அரை மில்லிமீட்டர் அளவே கனமுள்ள பளபளப்பான ஒரு பூச்சு. அந்தப் பூச்சுதான் படகின் தோல். அது கிழிந்தால் நீர் உள்ளே ஊறி, கொப்புளம் எழும்பி, இழைகள் பிரியத் தொடங்கும். மகன் அவசரத்தில் முந்தின நாள் அரிவாள் முனையாலும் இரும்புக் கம்பித் தூரிகையாலும் சுரண்டியிருந்தான். இரண்டு முழ நீளத்துக்குப் பூச்சுப் பெயர்ந்து, வெள்ளை இழைகள் கோழி இறகு போல் துருத்திக்கொண்டு நின்றன. அதுவும் போதாதென்று, கழிப்பறை கழுவும் அமிலப் புட்டி ஒன்றை வாங்கிவந்து பக்கத்தில் வைத்திருந்தான்.

அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும் என்பது உண்மையே. ஆனால் அதன் புகை மூச்சை அடைக்கும், ஆணிகளை அரிக்கும், பூச்சின் பளபளப்பையும் கெடுக்கும். இங்கேயோ காற்று ஏரியிலிருந்து கரைநோக்கி வீசிக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளி, சிகிச்சை முடிந்து ஆறு வாரம்கூட ஆகாத ஒரு கண். “தம்பி, அந்தப் புட்டி வேண்டாம்” என்றேன். அவன் எழுந்து நின்று, “அப்போ நீங்களே சொல்லுங்க ஃபாதர், மூணு நாளுக்குள்ள இதை எப்படி முடிக்கிறது?” என்றான். நியாயமான கேள்வி. பிரசங்கத்தில் இதற்குப் பதில் கிடையாது.

விடை அந்தப் பெரியவரிடமே இருந்தது. மகன்தான் இதுவரை கேட்கவில்லை. “காய விட்டுட்டுச் சுரண்டுறான் சாமி. காஞ்சா அது சிமெண்டு. ஈரமா இருக்கறப்பவே தள்ளணும்.” கரையேற்றிய அந்த மணி நேரத்தில், நீர் சொட்டச் சொட்ட, தேங்காய் நாரால் தேய்த்தால் பாசி போர்வையைப் போல் உருண்டு வரும். உலர்ந்துவிட்டதென்றால் நனைத்த சாக்கைப் போர்த்தி ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். கூடுகளை நீக்க இரும்பு ஆகாது. பனைமட்டையையோ மரத்துண்டையோ உளிபோல் சீவி, படகின் உடலோடு ஒட்டினாற்போல் சாய்த்துத் தள்ள வேண்டும். செங்குத்தாகக் குத்தினால் கூடு உடையும். அடித்தட்டு ஒட்டியபடியே நிற்கும்.

சாக்குகள் வந்தன. பக்கத்துப் படகுக்காரர்கள் வந்தார்கள். ஜமீலாபாத்திலிருந்து வலை வாங்க வந்திருந்த இஸ்லாமிய அன்பர் ஒருவரும் தோள் கொடுத்தார். எட்டுப்பேர் சேர்ந்து படகை மறுபக்கம் சாய்த்தோம். நான் அங்கியைக் கழற்றிக் கோவில்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, நார்ப்பந்தும் கையுமாக உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் உள்ளங்கை இரண்டும் கொப்புளித்துவிட்டன. குருமடத்தில் கிரேக்கம் படித்த கைகள்!

தேய்த்துக்கொண்டிருக்கையில் லூக்கா நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. ஆண்டவர் சீமோனின் படகில் ஏறுமுன் அந்த மீனவர்கள் செய்துகொண்டிருந்தது வலை அலசும் வேலை. எத்தனையோ முறை அதை வாசித்திருக்கிறேன். இரவெல்லாம் உழைத்து ஒன்றும் கிடைக்காதவர்களுக்கும் அலசுகிற வேலை மட்டும் குறைவதில்லை என்பது அன்றுதான் உறைத்தது. 1986-இல் கலிலேயக் கடல் வறட்சியில் வற்றியபோது சேற்றில் ஒரு பழம்படகு அகப்பட்டது. ஏறக்குறைய நம் ஆண்டவர் காலத்தது. நீளம் 8 மீட்டருக்குச் சற்று அதிகம். எங்கள் முன் கிடந்த படகும் அவ்வளவே. அதில் 12 வகை மரங்கள் இருந்தன என்று கண்டார்கள். கிடைத்த கட்டையையெல்லாம் வைத்து ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கிறார் அந்த ஏழை மீனவர்.

மகன் இன்னொரு யோசனை சொன்னான்: பாசி பிடிக்காத பெயிண்ட் அடித்துவிட்டால் என்ன? இது இன்றைய ஆசையன்று. 1761-இல் ஆங்கிலேயர் ‘அலாரம்’ என்னும் போர்க்கப்பலின் அடியில் செப்புத் தகடு பொருத்திப் பார்த்தார்கள். செம்பு நஞ்சாகையால் உயிர்கள் ஒட்டவில்லை. சென்ற நூற்றாண்டில் அதனினும் கொடிய வெள்ளீயச் சேர்மம் ஒன்றைப் பெயிண்டில் கலந்தார்கள். பிரான்சு நாட்டில் ஆர்க்காஷோன் என்ற ஊரில், நம் பழவேற்காட்டைப் போலவே கடலோடு கலந்த ஒரு நீர்நிலை உண்டு. படகுகளின் பெயிண்டிலிருந்து கசிந்த அந்த நஞ்சால் 1970-களின் இறுதியில் அங்கே வளர்த்த சிப்பிகளின் ஓடுகள் கோணின, குஞ்சுகள் பிழைக்கவில்லை. 1982-இல் பிரான்சு சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தது. உலகம் முழுவதற்குமான தடை 2008-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இதைக் கேட்ட பெரியவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “படகைக் காப்பாத்தி இறாலைக் கொன்னுட்டா எதைப் பிடிக்கிறது?” என்றார். சுரண்டி விழுந்ததையும் அவர் நீரில் தள்ள விடவில்லை. கீழே பழைய வலையை விரித்து, சேர்ந்ததை அள்ளி மேட்டில் குழிதோண்டிப் போடச் செய்தார்.

கறைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதில் என் அறிவு அம்பலப்பட்டது. முன்பிருந்த ஒரு பங்கில் கோவில் தொட்டியின் துருக்கறைக்கு நான் பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவைத்து, கறையை இன்னும் ஆழப்படுத்தியவன். பிளீச்சிங் பவுடர் பாசியைக் கொல்லும், துருவை அசைக்காது. துருவுக்குப் புளிப்பு வேண்டும். வெளிநாட்டுப் படகுக்காரர்கள் ஆக்ஸாலிக் அமிலத்தை நீரில் கரைத்துக் கையுறை அணிந்து பூசுகிறார்கள். நம் புளியாரைக் கீரையின் புளிப்பும் அதுவேயானாலும், தூளாக விற்பது நஞ்சு. பிள்ளைகள் உள்ள வீட்டில் கவனம் தேவை. பெரியவரின் மனைவி இவ்வளவு யோசிக்கவில்லை. குத்துவிளக்குத் துலக்கும் பழம்புளியைக் கரைத்து எடுத்துவந்து, அணியத்துக் கறையில் அப்பி, கால்மணி நேரம் விட்டுத் தேய்த்தார். முழுதும் போகவில்லை, செம்மை பாதியாகக் குறைந்தது. நீர்மட்டத்துப் பழுப்புப் பட்டை மட்டும் நன்றாகவே வெளுத்தது.

மாலையில் புறப்பட்டபோது ஒரு பக்கம் முடிந்திருந்தது. பூச்சுப் பெயர்ந்த இடத்தை நன்னீரால் கழுவி, இரண்டு நாள் நிழலில் உலர்த்திப் பிசின் பூச வேண்டும் என்று பைபர் வேலை தெரிந்த ஒருவர் சொல்லியிருந்தார். ஈரத்தின்மேல் பூசினால் ஒட்டாது. இரண்டு நாள் உலர வேண்டும், மூன்றாம் நாள் பாடு. ஒரு மழைத்தூறல் போதும், எல்லாம் கெட்டுவிட. பேருந்தில் வரும் வழியெல்லாம் கோவில்பிள்ளை சன்னலுக்கு வெளியே வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மழை பெய்யவில்லை. நான்காம் நாள் காலைத் திருப்பலிக்குப் பின் அவருக்குத் தொலைபேசி வந்தது. விடியுமுன் படகை இறக்கினார்களாம். ஒட்டுப்போட்ட இடம் கசியவில்லையாம். இறால் சுமாராகப் பட்டதாம். கட்டணத்தில் பாதிக்கு வழி பிறந்திருக்கிறது, மீதிக்கு அடுத்த பாடு வரவேண்டும். அமிலப் புட்டியைக் கடையில் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அணியத்துத் துருக்கறை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. வீட்டில் புளி தீர்ந்துவிட்டது என்கிறாராம் அம்மையார்.